கடைக்கு ஏற்ற காமிரா எது? தூரம் பார்ப்பதா, தண்ணீர் தாங்குவதா?

காமிரா என்றாலே கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் தார்ப்பாய் கிழிந்த லாரியில் நனைந்து வந்த சீனி மூட்டைகளுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வரும்போதும், குடோனில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் எடுத்துச் சொல்லும்போதும், பருப்பு மூட்டையைப் பிரித்ததும் வண்டு ஓடியது என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும்போதும் நம் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அந்த வேளையில் பேசக்கூடியது படம்தான்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் சென்னையிலும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மற்ற தொழில்களைவிட மளிகைக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இரும்புக் கடையில் நனைந்த கம்பி சர்வேயர் வரும்வரை அப்படியே கிடக்கும். நனைந்த அரிசி கிடக்காது. இரண்டு மூன்று நாளில் நாற்றம் எடுக்கும், பருப்பு ஊதி மூட்டையின் தையல் பிரியும், அக்கம்பக்கத்தார் முறையிடுவார்கள், நகராட்சி வண்டி வந்து நிற்கும். சேதமான சரக்கைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது பாலிசி. அதை உடனே அகற்று என்கிறது சுகாதாரம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சம்மதத்துடன் அகற்றும் நிலை வந்தால் பின்னர் நம் கையில் மிஞ்சுவது இருப்புக் கணக்கும் படங்களும் மட்டுமே.

‘கையில்தான் செல்போன் இருக்கிறதே, தனிக் காமிரா எதற்கு?’ என்று கேட்பது நியாயமே. அன்றாடம் சிட்டையையும் பில்லையும் படம் எடுக்க போன் போதும். வெள்ளத்தில் இறங்கும்போது நிலைமை வேறு. ஈரக்கையால் தொட்டால் போனின் தொடுதிரை சொன்னபடி கேட்காது. தண்ணீர் தாங்கும் என்று விற்கப்படும் போன்களுக்கும்கூட, தண்ணீர் புகுந்த சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று தயாரிப்பாளர்கள் பலர் எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்று நம் கடையின் யு.பி.ஐ. வரவு, மண்டிக்காரர் எண்கள், வங்கிச் செய்திகள் எல்லாம் அந்த ஒரு போனுக்குள்தான் உள்ளன. அதை இடுப்பளவு தண்ணீருக்குள் கொண்டுபோவது கல்லாப்பெட்டியைக் கொண்டுபோவதற்குச் சமம். குடோனுக்கென்று தனியாக ஒரு சிறு காமிரா வைத்திருப்பது வீண் செலவு அல்ல என்பது எமது கருத்து.

சரி, எதை வாங்குவது? சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் காமிராக்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தூரத்தில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் சூப்பர் ஜூம். மற்றொன்று, தண்ணீரும் தூசியும் புகாதது. ஜாதிக்கு ஒன்றாக இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 2018-ல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் எஸ்.எக்ஸ். 740 எச்.எஸ். இரண்டாவது 2019-ல் வெளிவந்த ஒலிம்பஸ் டஃப் டி.ஜி. 6. ஒலிம்பஸ் தனது காமிராத் தொழிலை 2021 ஜனவரியில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. அந்நிறுவனம் 2023-ல் டி.ஜி. 7 என்று அடுத்த மாடலைக் கொண்டுவந்தது. லென்ஸும், தாங்கும் ஆழமும் அதிலும் அவையே. சார்ஜ் செய்யும் துளை இப்போதைய போன்களில் உள்ள யூ.எஸ்.பி. சி வகையாக மாறியது. ஆகவே டி.ஜி. 6 பற்றி இங்கு சொல்வது பெரும்பாலும் டி.ஜி. 7-க்கும் பொருந்தும்.

40-ம் 4-ம்

கேனன் பெட்டியின்மேல் 40 எக்ஸ் என்று போட்டிருக்கும். ஒலிம்பஸில் 4 எக்ஸ் மட்டுமே. கடையில் இதைப் பார்த்ததும், பத்து மடங்கு உயர்ந்த சரக்கு ஏறக்குறைய அதே பெட்டியில் வருகிறதே என்று கை தானாகக் கேனன் பக்கம் போகும். விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்வார்.

எக்ஸ் என்பது தரத்தின் அளவல்ல. லென்ஸின் கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வருவது அது. கேனனில் 24 முதல் 960 மில்லிமீட்டர்; 960-ஐ 24-ஆல் வகுத்தால் 40. ஒலிம்பஸில் 25 முதல் 100, அதனால் 4. இரண்டும் தொடங்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. குறுகிய சந்தில் நின்று கடை முகப்பு முழுவதையும் படத்தில் அடக்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றுபோலவே அடக்கும். வித்தியாசம் முழுவதும் தூரத்தில்தான்.

அந்த வித்தியாசம் சிறியதல்ல. 20 மீட்டர் தள்ளி நின்று முழு ஜூமில் எடுத்தால் கேனன் படத்தில் சுமார் முக்கால் மீட்டர் அகலமுள்ள இடம் மட்டுமே விழும். அதாவது ஒரு மூட்டை, அதன்மேல் அச்சடித்த மார்க், லாட் எண் எல்லாம் படிக்கும்படி வரும். ஒலிம்பஸில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 7 மீட்டர் அகலம் விழும். அட்டி முழுவதும் தெரியும், எழுத்து தெரியாது.

அப்படியானால் 40 எக்ஸ்தானே மேல்? அந்த 40 எக்ஸ் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேனனில் ஜூம் செய்தால் லென்ஸ் குழாய் ஒன்றுக்குள் ஒன்றாக வெளியே நீளும். நிறுத்தினால் உள்ளே போகும். நீளும்போது உள்ளே இடம் பெருகுகிறது, சுருங்கும்போது குறைகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் இடுக்குகள் வழியாகக் காற்று உள்ளே வந்து வெளியே போகிறது. காற்றோடு தூசியும் வருகிறது. வந்தது எல்லாம் திரும்பிப் போவதில்லை. உள்ளே சென்ஸார்மேல் ஒரு துகள் உட்கார்ந்துவிட்டால் அதன்பின் எடுக்கும் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழும். வெளியிலிருந்து துடைக்க வழியில்லை. பழுது பார்ப்பவரிடம் பிரிக்கக் கொடுக்க வேண்டும். மைதா, கடலைமாவு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் புழங்கும் இடத்தில் இது எத்தனை நாள் தாங்கும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஒலிம்பஸில் வெளியே எதுவும் நீளாது. முன்னால் ஒரு கண்ணாடி மூடி நிலையாக இருக்கிறது. அதன் வழியாக வந்த ஒளி உள்ளே ஒரு பட்டகத்தில் பட்டு 90 டிகிரி திரும்பி மேலிருந்து கீழாகப் போகிறது. லென்ஸுகள் அந்தப் பாதையில் பெட்டிக்குள்ளேயே நகர்கின்றன. நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் போன்ற அமைப்பு. நகரும் பாகம் வெளியே இல்லாததால் அடைப்புப் போட முடிகிறது. ஆனால் பெட்டியின் உயரத்துக்குள் எவ்வளவு நகர முடியுமோ அவ்வளவுதான் ஜூம். ஆகவே இது 4 எக்ஸோடு நின்றதற்குக் காரணம் தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் அல்ல. 40 எக்ஸைக் கொடுக்கும் அமைப்பே தூசிக்கு வழிவிடுகிறது. தூசியைத் தடுக்கும் அமைப்பே ஜூமைக் குறைக்கிறது. சட்டைப் பை அளவில் இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

ஐ.பி. எண் என்றால் என்ன?

பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். சர்வதேசத் தரநிர்ணயம் இது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்கு உச்ச எண் 6. இந்தச் சோதனையில் பொருளை மூடிய பெட்டிக்குள் வைத்து டால்கம் பவுடரைப் பறக்கவிட்டு, பொருளுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, 8 மணி நேரம் வரை வைப்பார்கள். தூசி உள்ளே போயிருக்கக் கூடாது. மாவு மில் வாசலில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. தண்ணீரில் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமை. ஆழம் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்த இனம் அங்கே குறிக்கப்படவில்லை என்று பொருள்; பூஜ்யம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

டி.ஜி. 6-க்குத் தூசியில் 6. தண்ணீரில் 8, ஆழம் 15 மீட்டர். நம் குடோனில் 15 மீட்டர் தண்ணீர் வந்தால் காமிராவைப் பற்றிக் கவலைப்பட யாரும் இருக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது ஆழம் அல்ல. சேற்றில் விழுந்தால் குழாயடியில் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ பாரம் அழுத்தினாலும் தாங்கும் என்றும், பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரிலும் இயங்கும் என்றும் கம்பெனி சொல்கிறது. குளிர்பதனக் கிடங்கில் புளி, வற்றல் இருப்பு வைத்திருப்பவர்கள் கடைசி விவரத்தைக் கவனிக்கவும். லென்ஸ்முன் இரட்டைக் கண்ணாடி இருப்பதால் சூடும் குளிரும் மாறும்போது உள்ளே ஆவி படர்வதும் குறைவு. கேனனுக்கு இந்த எண்கள் எதுவும் இல்லை. தூறலில்கூட அதைக் குடைக்குள் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளிச்சம்

இரண்டிலும் சென்ஸார் ஒரே அளவு. கேனனில் 20.3 மெகாபிக்ஸல், ஒலிம்பஸில் 12. இந்த எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 12 மெகாபிக்ஸல் படத்தை ஏ4 தாளில் முழுத் தெளிவோடு அச்சடிக்கலாம். அதற்குமேல் எந்தச் சர்வேயரும் கேட்பதில்லை. குடோனில் முக்கியமானது லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதே. கிட்டத்தில் ஒலிம்பஸின் துவாரம் எஃப் 2, கேனனின் துவாரம் எஃப் 3.3. இதில் எண் குறைந்தால் ஒளி கூடும். கணக்கிட்டால் ஒலிம்பஸ் சுமார் 2.7 மடங்கு அதிக ஒளி வாங்குகிறது. கேனனை 40 எக்ஸ் வரை நீட்டினால் எஃப் 6.9 ஆகி, தன் தொடக்க நிலையில் வாங்கிய ஒளியிலேயே நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வாங்கும். ஆகவே ஒரே ஒரு டியூப் லைட் எரியும் குடோனில் முழு ஜூம் என்பது பெயரளவுக்குத்தான். கை சிறிது அசைந்தாலும் எழுத்து கலங்கிவிடும். மூட்டைமேல் காமிராவை ஊன்றி வைத்து எடுத்தால் ஓரளவு வரும்.

பிளாஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். இவ்வகைச் சிறு காமிராக்களில் பிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. காற்றில் பறக்கும் மாவுத்துகளும் மழைத்துளியும் அந்த ஒளியில் பளிச்சிட்டுப் படம் முழுவதும் வெள்ளை வட்டங்களாக விழும். வற்றல் குடோனிலும் மழையிலும் பிளாஷை அணைத்துவிட்டு, ஷட்டரைத் திறந்து பகல் வெளிச்சத்தில் எடுப்பதே மேல்.

வண்டு

டி.ஜி. 6-க்கு மளிகைக்காரர் பார்வையில் இன்னொரு சிறப்பு உண்டு. விளம்பரங்களில் இதைக் கடல் மீனுக்கும் பூச்சிக்கும் என்று காட்டுவார்கள். பூச்சி நம் தொழிலிலும் உள்ளதுதானே. இதில் மைக்ரோஸ்கோப் என்று ஒரு நிலை இருக்கிறது. பொருளுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் வைத்து, அப்போதும் ஜூம் செய்யலாம். அரிசி வண்டு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் மூக்கு தெரியும்படி படம் வரும். பயறில் வண்டு போட்ட துளையும் தோலில் ஒட்டிய முட்டையும் தெரியும். சரக்கு வந்திறங்கிய அன்றே மூட்டையின் லாட் எண்ணையும் உள்ளிருந்த பயறையும் அடுத்தடுத்து எடுத்து அனுப்பினால், ‘உங்கள் குடோனில் வைத்திருந்தபோது பிடித்தது’ என்ற பதிலுக்கு அதிகம் இடமிராது.

கேனனிலும் ஒரு சென்டிமீட்டர் வரை போகலாம். ஆனால் அகல நிலையில் மட்டுமே. அவ்வளவு அருகில் காமிராவின் நிழலே பொருள்மேல் விழுந்துவிடும்; வண்டும் சிறியதாகவே இருக்கும்.

ஜூம் யாருக்கு?

சூப்பர் ஜூமை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். திறந்தவெளியில் உயர அட்டி போடுபவர்கள், மேல் வரிசை மார்க்கைத் தரையிலிருந்தே படிக்கலாம். புயலுக்குப்பின் குடோன் கூரையில் எந்தத் தகடு பெயர்ந்தது என்று ஏணி வைத்து ஏறாமல் பார்க்கலாம். ஈரக்கூரையில் ஆள் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. தெருக்கோடியில் நிற்கும் லாரியின் எண்ணும் கிடைக்கும். இவை எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடப்பவை. அதில் கேனன் நன்றாகவே எடுக்கும். நம் சங்க ஆண்டுவிழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்கவும் அதுதான் சரி. சங்கத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று கேட்டால் சங்கத்துக்குக் கேனனும் கடைக்கு ஒலிம்பஸும் என்போம்.

‘டிஜிட்டல் ஜூம்’ என்று தனியாக ஓர் எண்ணைக் காட்டினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான் அது. லென்ஸின் ஜூமை மட்டும் கேளுங்கள்.

பேட்டரியில் கேனன் ஒரு சார்ஜுக்குச் சுமார் 265 படமும் ஒலிம்பஸ் சுமார் 340 படமும் எடுக்கும். எடை முறையே 299, 253 கிராம். இதில் பெரிய பேதமில்லை.

ரப்பர் வளையம்

தண்ணீர் புகாத காமிரா என்றதும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புகாது என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரி மூடியிலும் சார்ஜ் துளை மூடியிலும் உள்ள ரப்பர் அடைப்புத்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அதன்மேல் ஒரு தலைமுடியோ சாக்கு நூலோ கிடந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மூடுமுன் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈரக்கையோடு திறக்கக் கூடாது. மூடியபின் பூட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரிலோ சாக்கடை கலந்த வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, உலர்த்திய பிறகே திறக்க வேண்டும். அடைப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கம்பெனி. பலமாகக் கீழே விழுந்தபின் தண்ணீர் தாங்குமா என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே பழைய காமிரா வாங்குவோர் மூலைகளில் அடிபட்ட வடு, ரப்பரில் வெடிப்பு, கண்ணாடிக்கு உட்புறம் ஆவிக்கறை ஆகியவற்றைப் பார்த்து வாங்கவும். சூப்பர் ஜூமைப் பழையதாக வாங்கினால் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; கரும்புள்ளி இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது.

படம் எடுத்தபின்

காமிரா எதுவானாலும் முதலில் தேதியையும் நேரத்தையும் சரியாக வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்திருந்தால் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விடும். தவறான தேதி விழுந்த படம், படம் இல்லாததைவிடத் தொல்லை. டி.ஜி. 6-ல் ஜி.பி.எஸ். உள்ளதால் எடுத்த இடமும் பதிவாகும். ஆனால் கூரைக்குக் கீழே அது சரியாகக் கிடைப்பதில்லை. வாசலில் நின்று பெயர்ப்பலகையோடு ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே போவது நல்லது.

லாரி வந்தால் தார்ப்பாயை அவிழ்க்கும் முன்பே ஒரு படம், வண்டி எண்ணோடு. பிறகு நனைந்த மூட்டைகள் வண்டிமேல் இருக்கும்போதே சில படங்கள். இறக்கிய பின் எடுத்தால் நம் வாசலில் நனைந்ததாகச் சொல்வார்கள். எல்.ஆர். நகலில் சேத விவரத்தை எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கி அதையும் ஒரு படம். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி, சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் பின்னர் வழக்குப் போட முடியும். சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து என்பதைக் கவனிக்கவும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, உள்ளே பதிவான தேதி, காமிரா விவரம் எல்லாம் நீங்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அசல் அப்படியே போகும். வழக்கு என்று வந்தால் படமும் மின்னணு ஆவணமே. அசல் சாதனத்தையே அதன் உரிமையாளர் கோர்ட்டில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை, நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின்கீழ் 2020-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 63-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்பும் சான்றிதழ் படிவமும் அதில் உள்ளது. விவரத்துக்குத் தங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளவும். நாம் செய்ய வேண்டியது சுலபம். சேதம் எடுத்த மெமரி கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தாமல், புதிய கார்டு ஒன்றைக் காமிராவில் போட்டுக்கொண்டு, பழையதை உறையிலிட்டுத் தேதி எழுதி, அந்த எல்.ஆர். நகலோடும் பில்லோடும் ஒரே கோப்பில் வைத்துவிட வேண்டும்.